துவாக்குடி ஃபேப்ரிகேஷன் சூப்பர்வைசர்: வேலை எங்கே இருக்கிறது, எதனால் கை நழுவுகிறது

திருச்சியிலிருந்து தஞ்சாவூர் சாலையில் திருவெறும்பூர் நெருங்கும்போதே ஃபேப்ரிகேஷன் (எஃகுத் தகடுகளை வெட்டி, வெல்டிங் செய்து உருவமைக்கும்) பட்டறைகள் கண்ணில் படத் தொடங்கும். அரியமங்கலம் பேட்டை, துவாக்குடி சிட்கோ தொழிற்பேட்டை, அதைச் சுற்றி உள்ளே போகும் மண் சாலைகள் என எங்கே திரும்பினாலும் கேன்ட்ரி கிரேன், பிளேட் அடுக்கு, கிரைண்டர் சத்தம்தான். 1965இல் பாரத மிகுமின் நிறுவனத்தின் (ஊர் வாயில் பெல்) உயர் அழுத்தக் கொதிகலன் ஆலை இங்கே வந்ததால் முளைத்த பட்டறைகள் இவை. இந்தப் பட்டறைகளில் பத்துப் பதினைந்து பேரை வைத்து வேலை வாங்கும் சூப்பர்வைசருக்கு இன்றைய வேலைவாய்ப்பு எப்படி இருக்கிறது என்பதே இந்த ஆய்வின் கேள்வி. இதே வேலை கோயம்புத்தூரிலும் ஓசூரிலும் அம்பத்தூரிலும் உண்டு. ஆனால் ஒரே வாடிக்கையாளரை நம்பி வளர்ந்த தொழில், அவர் கை சுருங்கியபோது சூப்பர்வைசரை என்ன செய்தது என்பதைத் துவாக்குடி போல வேறெங்கும் பார்க்க முடியாது.

முதலில் இங்குள்ள வியாபார முறை புரிய வேண்டும். பெரும்பாலான யூனிட்டுகள் செய்தது கன்வர்ஷன் வேலை. பிளேட்டும் (எஃகுத் தகடு) செக்‌ஷனும் (ஆலையில் உருட்டிய எஃகுச் சட்டம்) பெரிய கம்பெனியிலிருந்து வரும். வெட்டி, பொருத்தி, வெல்டிங் செய்து, பெயின்ட் அடித்துத் திருப்பித் தந்தால் டன்னுக்கு இவ்வளவு என்று கூலி. கொதிகலனைத் தாங்கும் தூண், பீம், டக்ட் (காற்று, புகை போகும் குழாய்), பிளாட்ஃபார்ம், கைப்பிடி ஆகியவைதான் அன்றாடச் சரக்கு. பொருள் தன்னுடையதல்ல, டிராயிங்கும் தன்னுடையதல்ல என்பதால் முதலாளிக்கு லாபம் வரக்கூடிய இடம் ஒன்றே ஒன்று: ஒரு டன்னை எத்தனை ஆள்மணி நேரத்தில் ரிப்பேர் இல்லாமல் முடிக்கிறோம் என்பது. அது முழுக்க சூப்பர்வைசர் கையில் இருக்கிறது.

2000களின் பிற்பகுதியில் அனல்மின் ஆர்டர்கள் குவிந்தபோது இந்தப் பேட்டைகளில் மூன்று ஷிப்டும் ஓடியது. பிறகு அடுத்தடுத்து அடி. நிலக்கரி கிடைக்காமல் திட்டங்கள் நின்றன. 2014 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் 218 நிலக்கரிச் சுரங்க ஒதுக்கீடுகளில் பெரும்பாலானவற்றை ரத்து செய்தது. சூரிய மின்சாரம் மலிவானது. சீனக் கொதிகலன்கள் போட்டிக்கு வந்தன. பல யூனிட்டுகள் மூடின, சில கடனுக்காக வங்கி வசம் போயின. பட்டறை நின்றதும் முதலில் கிளம்பியது நல்ல வெல்டர்கள். அவர்களுடைய கையே சான்று. ஒரு டெஸ்ட் பீஸ் போட்டுக் காட்டினால் குஜராத்திலும் வேலை, வளைகுடாவிலும் வேலை. கடைசிவரை நின்று, பிறகு அதிகம் திண்டாடியவர்கள் சூப்பர்வைசர்கள். இருபது வருட அனுபவம் இருக்கும், காட்ட ஒரு காகிதம் இருக்காது. ஒரே கம்பெனியின் டிராயிங், அதே கம்பெனியின் தர அட்டவணை, அதே இன்ஸ்பெக்டர் என்று பழகிய கண்ணுக்கு வேறொரு கோடில் (தர விதித்தொகுப்பில்) வேலை வந்தால் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. திறமைக் குறைவு என்று அதைச் சொல்லவே கூடாது. இரண்டாவது விதித்தொகுப்பைக் கற்றுக்கொள்ள அவர்களுக்கு யாரும் நேரமோ காரணமோ தரவில்லை.

ஒரு பீமில் சூப்பர்வைசரின் விலை

சூப்பர்வைசர் எதற்குத் தேவை என்று கேட்கும் முதலாளிகள் இன்னும் இருக்கிறார்கள். வெல்டரும் ஃபிட்டரும் இருந்தால் போதாதா என்பது அவர்கள் வாதம். 12 மீட்டர் நீளமுள்ள ஒரு பில்ட்-அப் பீமை எடுத்துக்கொள்வோம். நடுவே நிற்கும் தகடான ஒரு வெப், மேலும் கீழும் படுக்கைத் தகடான ஃபிளாஞ்சு, இரண்டும் சேரும் மூலைகளில் நான்கு ஃபில்லெட் வெல்டு. ஆக 48 மீட்டர் வெல்டிங். டிராயிங் கேட்பது 8 மி.மீ. லெக் (வெல்டின் பக்க அளவு).

வெல்டர் கண் அளவில் போட்டு, "கொஞ்சம் பெருசா இருந்தா நல்லதுதானே அண்ணே" என்று 10 மி.மீ. போட்டுவிடுகிறார். இரண்டு மி.மீ. என்றால் கேட்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் ஃபில்லெட்டின் குறுக்குப் பரப்பு லெக்கின் வர்க்கத்தில் பாதி. 8 மி.மீ.க்கு 32 சதுர மி.மீ., 10 மி.மீ.க்கு 50. எஃகின் எடையைக் கன செ.மீ.க்கு 7.85 கிராம் என்று போட்டால், 8 மி.மீ.க்கு 48 மீட்டரில் சுமார் 12 கிலோ வெல்டு மெட்டல். 10 மி.மீ.க்கு கிட்டத்தட்ட 19 கிலோ. ஒரே பீமில் ஏழு கிலோ வெல்டிங் வயர் வீண். 1.2 மி.மீ. வயரில் ஆர்க் (வெல்டிங் தீப்பொறி) எரியும் நேரத்துக்கு மணிக்கு மூன்று கிலோ இறங்கினாலும், வேலை நேரத்தில் ஆர்க் எரிவது மூன்றில் ஒரு பங்குதான். ஆக மணிக்கு ஒரு கிலோ. ஒரு பீமுக்கு ஆறேழு மணி நேரக் கூலி காற்றில் போகிறது. நாற்பது பீம் ஆர்டரில் இதைப் பெருக்கிப் பார்த்தால் சூப்பர்வைசரின் சம்பளமே கண் முன்னே வரும்.

இழப்பு வயரோடு நிற்பதில்லை. அதிக வெல்டு என்றால் அதிகச் சூடு. ஃபிளாஞ்சின் இரு ஓரமும் வெப் பக்கமாக மடங்கி நிற்கும். பட்டறையில் அதைக் குடை பிடிக்குது என்பார்கள். நிமிர்த்த கேஸ் டார்ச்சும் பிரஸ்ஸும் வேண்டும். டார்ச்சு எடுத்தவர் செக்கச் செவேல் என்று காய்ச்சிவிட்டால் எஃகின் குணமே மாறும். அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் ஏ.டபிள்யூ.எஸ். டி1.1 விதித்தொகுப்பு சாதாரண எஃகுக்கு 650 டிகிரி செல்சியஸ் வரம்பு வைத்திருக்கிறது. டெம்ப் ஸ்டிக் (குறித்த வெப்பத்தில் உருகும் குச்சி) போன்ற கருவி இல்லாமல் அந்த வரம்பைப் பார்க்க வழியில்லை. வெல்டு நீளவாக்கிலும் சுருங்குவதால் 12 மீட்டர் பீம் சில மி.மீ. குட்டையாகும். முனைத் துளைகளை வெல்டிங்குக்கு முன்பே போட்டுவிட்டால் சைட்டில் போல்ட் இறங்காது. 24 மி.மீ. விட்டமுள்ள எம்24 போல்ட்டுக்கு இந்தியத் தரமான ஐஎஸ் 800 தரும் துளை 26 மி.மீ. கைவசம் இருக்கும் இடைவெளி மொத்தமே இரண்டு மி.மீ. சைட்டில் கிரேன் காத்திருக்க ரீமர் (துளையைப் பெரிதாக்கும் கருவி) போட்டு அறுத்த செலவு பட்டறையின் பில்லில் கழியும்.

இதையெல்லாம் தடுப்பது ஒரு ஃபில்லெட் கேஜ் (வெல்டின் அளவு பார்க்கும் கருவி), முன்கூட்டித் தீர்மானித்த வெல்டிங் வரிசை, முனைத் துளைகளை வெல்டிங்குக்குப் பின் போடும் ஒழுங்கு ஆகியவைதான். மூன்றுக்கும் பொறுப்பு சூப்பர்வைசர். வேலைக்குப் பேசும்போது இந்தக் கணக்கைச் சொல்லத் தெரிந்தவரின் சம்பளப் பேச்சு வேறு மாதிரி நடக்கும்.

ரிப்பேர் எங்கே பிறக்கிறது

ரேடியோகிராஃபி, அல்ட்ராசோனிக் சோதனைகளில் வெல்டு தேறாமல் விழுவது வெல்டரின் கைக்குறை என்று முடிவு கட்டிவிடுகிறோம். பாதி நேரம் காரணம் ராடு ஓவனில் (வெல்டிங் ராடைக் காயவைக்கும் அடுப்பில்) இருக்கிறது. இ7018 போன்ற லோ ஹைட்ரஜன் ராடின் பூச்சு காற்றின் ஈரத்தைக் குடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதற்குப் பாக்கெட் உடைத்த சில மணி நேரம் போதும். அந்த ஈரம் ஆர்க்கில் ஹைட்ரஜனாகி, வெல்டு ஆறிய பிறகு, சில சமயம் ஒரு நாள் கழித்துக்கூட விரிசலாகத் தலை காட்டும். அதனால்தான் தடித்த பிளேட்டில் 48 மணி நேரம் கழித்தே டெஸ்ட் எடுக்க வேண்டும் என்று பல வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள். டி1.1 சொல்வது: 260 முதல் 430 டிகிரிக்குள் குறைந்தது இரண்டு மணி நேரம் பேக்கிங், பிறகு 120 டிகிரிக்குக் குறையாமல் ஹோல்டிங், வெளியே எடுத்தபின் இ7018க்கு நான்கு மணி நேரம். மறுபடி பேக் செய்வது ஒரே ஒரு முறை. தண்ணீர் பட்ட ராடு கழிவுதான், பேக் செய்தும் பயனில்லை.

நடப்பது என்ன? காலை எட்டு மணிக்கு வெல்டர் முழு ஷிப்டுக்கும் சேர்த்து ஐந்து கிலோ எடுத்துப் போகிறார். ராடைச் சூடாக வைத்திருக்கும் குவிவர் பெட்டியின் ஒயர் அறுந்து கிடக்கிறது. மீந்த ராடு மாலையில் ஓவனுக்குத் திரும்பி, நாளை புது ராடோடு கலக்கிறது. இதை நிறுத்த இரண்டு வழிதான்: ராடை இரண்டு தடவையாக இஷ்யூ செய்து, திரும்பி வருவதை வெவ்வேறு நிறம் அடித்த தட்டில் வைப்பது, இஷ்யூ ரெஜிஸ்டரில் நேரம் எழுதுவது. எழுத மனம் வராத சூப்பர்வைசரால் இந்த வேலையில் நிலைக்க முடியாது. கசப்பாக இருந்தாலும் அதுதான் உண்மை.

இன்னொரு இடம் ஹீட் நம்பர், அதாவது எந்த உருக்கில் வந்த எஃகு என்று காட்டும் எண். 12 மி.மீ. தடிப்பு, 2.5 மீட்டர் அகலம், 10 மீட்டர் நீளம் கொண்ட ஒரு பிளேட் 2,355 கிலோ. அதன் ஹீட் நம்பர் ஒரு மூலையில்தான் குத்தியிருக்கும். கட்டிங்காரர் அந்த மூலையை முதலில் வெட்டி எடுத்துவிட்டால், மீதிப் பிளேட்டுக்கு ஊரும் பேரும் இல்லை. கொதிகலனின் அழுத்தப் பாகத்துக்கோ பாலத்துக்கோ அதை இனிப் போட முடியாது. வெட்டும் முன்பே எல்லாத் துண்டுக்கும் நம்பரை மாற்றிக் குத்த வேண்டும். கன்வர்ஷன் வேலையில் அனுமதித்த ஸ்கிராப் சதவீதத்தைத் தாண்டினால் பிளேட்டின் விலை பட்டறையின் கணக்கில் டெபிட் ஆகும். டன் கூலியில் பிழைப்பவருக்கு டன் விலை தண்டம் என்றால் எத்தனை மாதம் தாங்கும்?

இப்போது ஆர்டர் எங்கிருந்து வருகிறது

அனல்மின் நிலைய ஆர்டர்கள் 2023 முதல் திரும்பியிருக்கின்றன. 2032க்குள் குறைந்தது 80 ஜிகாவாட் புதிய நிலக்கரித் திறன் என்ற அரசின் இலக்குதான் காரணம். திருச்சிப் பட்டறைகளில் மறுபடி பிளேட் இறங்குகிறது. மூடிய பட்டறைகளின் சூப்பர்வைசர்களைத் தேடிப் போய் அழைக்கிறார்கள். நல்ல செய்திதான். ஆனால் ஒரு கொள்கை மாற்றம் எவ்வளவு வேகமாக வேலையைத் தின்னும் என்பதற்கு அருகிலேயே உதாரணம் இருக்கிறது. 2015 டிசம்பர் மாசுக் கட்டுப்பாட்டு விதிகளால், புகையிலிருந்து கந்தகத்தை நீக்கும் எஃப்.ஜி.டி. அமைப்புகளுக்கு ஆர்டர் வந்தது. டக்ட், அப்ஸார்பர், ஸ்ட்ரக்சர் என்று ஃபேப்ரிகேஷனுக்கு அதில் நல்ல பங்கு. 2025 ஜூலையில் மத்திய அரசு பெரும்பாலான நிலையங்களுக்கு அதிலிருந்து விலக்கு அளித்தது. அந்த ஒரு சரக்கை மட்டும் நம்பி ஆள் எடுத்தவர்கள் மறுபடி தவிக்கிறார்கள்.

நிலையான பக்கம் என்று நாங்கள் கருதுவது ரயில்வேப் பாலங்களை. மும்பை-அகமதாபாத் அதிவேக ரயில் பாதைக்கு வடோதரா அருகே அமைந்த எஃகுப் பாலம் ஒன்று திருச்சியில் ஃபேப்ரிகேட் ஆனது. இந்த வேலையில் இந்திய ரயில்வேயின் ஐ.ஆர்.எஸ். பி1-2001 விதிப்படி துளை ஜிக் (துளை இடம் மாறாமல் வழிகாட்டும் அச்சு), டிரையல் அசெம்பிளி (முன்கூட்டிப் பூட்டிப் பார்ப்பது) எல்லாம் நடக்க வேண்டும், ரயில்வேயின் ஆராய்ச்சி, தர அமைப்பான ஆர்.டி.எஸ்.ஓ. ஒப்புதலும் உண்டு. கொதிகலன் தூண் செய்து பழகிய சூப்பர்வைசருக்குப் பொருத்தும் வேலை அந்நியமில்லை, துல்லியம்தான் புதிது. 1928இல் நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு வந்த ரயில்வே பணிமனை பக்கத்திலேயே இருப்பதால் ரயில்வே இன்ஸ்பெக்‌ஷன் மொழி தெரிந்தவர்கள் ஊரில் கிடைக்கிறார்கள், அவர்களிடம் கற்றுக்கொள்ளலாம். ரயில் பெட்டி, போகி பாகங்கள் என்றால் ரயில் வாகன வெல்டிங்குக்கான ஐரோப்பியத் தரமான இஎன் 15085 சான்று கேட்பார்கள்.

பாதுகாப்புத் துறை பற்றிப் பேச்சு அதிகம், வேலை மெதுவாகத்தான் வருகிறது. சென்னை, கோயம்புத்தூர், ஓசூர், சேலம், திருச்சி என ஐந்து முனைகள் கொண்ட தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடம் 2019 ஜனவரியில் திருச்சியில்தான் தொடங்கியது. ஆனால் அங்கே டன் கணக்கு கிடையாது. சிறு எண்ணிக்கை, நெருக்கமான டாலரன்ஸ் (அளவு பிசகலாம் என்ற வரம்பு), மெஷினிங். ஸ்ட்ரக்சர் சூப்பர்வைசர் நேராக அதற்குள் போவது கடினம்.

டிப்ளமோ முடித்த இளைஞர்களுக்குப் பொதுத்துறைக் கதவும் உண்டு. 2025 தொடக்கத்தில் பெல் 250 சூப்பர்வைசர் டிரெய்னி இடங்களை அகில இந்திய அளவில் அறிவித்தது. பொதுப்பிரிவுக்கு டிப்ளமோவில் 65 சதவீதம், வயது 27க்குள். முதல் ஆண்டிலேயே மதிப்பெண்ணை விட்டுவிட்டால் அந்தக் கதவு மூடிக்கொள்ளும் என்பதை பாலிடெக்னிக் சேரும் பிள்ளைகளுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

கையில் இருக்க வேண்டிய காகிதம்

சான்றிதழில் ஒரு நுணுக்கம் பலருக்குத் தெரிவதில்லை. ஊரில் பெரும்பாலானோர் எடுக்கும் என்.டி.டி. (பொருளைச் சேதப்படுத்தாமல் சோதிப்பது) லெவல் 2, எஸ்.என்.டி.-டி.சி.-1ஏ என்ற அமெரிக்க வழிகாட்டியின் வழியில் வருவது. அந்த வழியில் சான்று தருவது வேலை தரும் நிறுவனம். அங்கிருந்து விலகினால் சான்றும் அங்கேயே நின்றுவிடும்; புதிய நிறுவனம் மறுபடி தர வேண்டும். ஐஎஸ்ஓ 9712 சான்று மூன்றாம் தரப்பு அமைப்பு தருவது, ஆளோடு போகும். செலவு கூடுதல்தான். வேலை மாறும் எண்ணம் உள்ளவர் இரண்டாவதற்கே பணத்தைச் சேர்க்க வேண்டும். வெல்டிங் இன்ஸ்பெக்டர் சான்றான சி.எஸ்.டபிள்யூ.ஐ.பி. 3.1 ஐந்து ஆண்டு செல்லும்; புதுப்பிக்கும் தேதியைத் தவறவிட்டவர்கள் நிறைய.

சான்றைவிட முக்கியமானது, வெல்டர் தகுதிப் பதிவைத் தானே பராமரிக்கும் பழக்கம். அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் அஸ்மி செக்‌ஷன் 9 விதிப்படி, ஒரு வெல்டர் ஒரு வெல்டிங் முறையை ஆறு மாதம் தொடாவிட்டால் அந்த முறைக்கான தகுதி காலாவதி. டிக் முறை வெல்டரை ஆர்டர் இல்லாத காலத்தில் ராடு வெல்டிங் வேலைக்கு மாற்றி, ஏழாம் மாதம் மறுபடி கொதிகலன் டியூபில் டிக் போட உட்கார வைத்துவிட்டு, ஆடிட்டரிடம் அத்தனை ஜாயின்டும் கேள்விக்குறியாக நின்ற கதை இந்த வட்டாரத்தில் புதிதல்ல. ஆறு மாதத்துக்கு ஒரு ஜாயின்டாவது போடவைத்து, தேதியோடு பதிந்து வைக்கும் சூப்பர்வைசரை எந்த ஆடிட்டும் அசைக்க முடியாது. 1975 முதல் திருச்சியிலேயே இயங்கும் வெல்டிங் ஆராய்ச்சி நிலையத்தில் இவற்றுக்குப் பயிற்சி உண்டு. வாசலில் இருக்கும் அந்த வசதியைத் துவாக்குடிப் பட்டறைகள் பயன்படுத்தியது போதாது என்பது எங்கள் கருத்து.

பதவி உயர்வில் போகும் பாதுகாப்பு

ஃபிட்டரை சூப்பர்வைசர் ஆக்கும்போது சம்பளம் கொஞ்சம் ஏறும், சட்டப் பாதுகாப்பு சத்தமில்லாமல் இறங்கும். 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தில், மேற்பார்வை வேலையில் மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் வாங்கியவர் தொழிலாளி என்ற வரையறைக்குள் வரவில்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்தில் அந்த வரம்பு 18,000. அதைத் தாண்டிய சூப்பர்வைசரை நீக்கினால், தொழிலாளிக்குக் கிடைக்கும் தகராறு வழி அவருக்குக் கிடைப்பது கடினம். பெயர் மட்டும் சூப்பர்வைசர் என்று வைத்து, நாள் முழுவதும் டார்ச்சு பிடிக்கும் வேலையே வாங்கினால் நிலைமை வேறு: முதன்மையான வேலை எது என்பதைத்தான் நீதிமன்றங்கள் பார்த்துவந்திருக்கின்றன. அதனால் நியமனக் கடிதத்தில் பதவிப் பெயரோடு வேலை விவரமும் ஓவர்டைம் நிலையும் எழுத்தில் வேண்டும். இ.எஸ்.ஐ. வரம்பு 21,000 என்பதால் சம்பள உயர்வில் அதைத் தாண்டுகிறவர் அன்றே குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும். உயர்வுத் தொகையைவிட ஒரு ஆபரேஷன் செலவு பெரியது.

பி.எஃப். கணக்கும் இங்கே வெறும் சேமிப்பல்ல. வெளிநாட்டு நிறுவனமோ ஆடிட்டரோ அனுபவச் சான்றைச் சந்தேகித்தால் காட்டக்கூடிய அரசுப் பதிவு அதன் பாஸ்புக். லேபர் கான்ட்ராக்டர் பெயரில் ஐந்து வருடம், கணக்கே இல்லாமல் மூன்று வருடம் என்று போனவரின் அனுபவம் காகிதத்தில் பாதியாகிவிடுகிறது.

வெளிநாடு போவோருக்கு: சிங்கப்பூரில் எஸ் பாஸுக்கான (நடுத்தரத் திறன் உள்ளவர்களுக்கான வேலை அனுமதி) குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 செப்டம்பர் முதல் 3,300 சிங்கப்பூர் டாலர், வயது கூடினால் வரம்பும் கூடும். உற்பத்தித் துறையில் ஒரு நிறுவனம் தன் ஆள்பலத்தில் 15 சதவீதம் வரைதான் எஸ் பாஸில் வைக்கலாம், எனவே இடங்கள் குறைவு. ஏஜென்ட் கேட்கும் தொகையைப் பொறுத்தவரை, இந்தியாவில் பதிவு பெற்ற ஆட்சேர்ப்பு முகவர் சேவைக் கட்டணமாக வாங்கக்கூடியது அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும். லட்சங்களில் பேசுபவரிடம் பதிவு எண்ணைக் கேட்டு, அரசின் இமைக்ரேட் தளத்தில் பார்த்துவிட்டே மேற்கொண்டு பேச வேண்டும்.

உள்ளூரில் சேருவதானால் சம்பளம் பேசும் முன் பட்டறையைச் சுற்றிப் பார்க்கக் கேளுங்கள். ராடு ஓவனின் தெர்மாமீட்டர் வேலை செய்கிறதா, இஷ்யூ ரெஜிஸ்டரில் நேற்றைய தேதி இருக்கிறதா, மிச்சத் துண்டுகளில் ஹீட் நம்பர் குத்தியிருக்கிறதா, வெல்டர் பதிவில் கடைசி ஆறு மாதம் நிரம்பியிருக்கிறதா, பெஞ்சில் ஒரு ஃபில்லெட் கேஜாவது கிடக்கிறதா. ஆர்டரில் எத்தனை வாடிக்கையாளர் என்றும் கேளுங்கள். வாடிக்கையாளரிடமிருந்து 45 நாளுக்குள் பணம் வருகிறதா என்பதையும், முதலாளியிடம் மட்டுமல்ல, அங்கே ஏற்கெனவே வேலை செய்யும் சூப்பர்வைசரிடம் டீக்கடையில் வைத்துக் கேளுங்கள்.